எதற்கு என்று கேட்கும் உரிமை

ஜவுளிக்கடையில் பில் போடும் முன் செல்போன் எண் கேட்கிறார்கள். லாட்ஜில் அறை எடுத்தால் ஆதார் ஜெராக்ஸ். ஸ்கேன் சென்டரில் வயது, முகவரி, தொழில், கணவர் பெயர். கடன் தருவதாகச் சொல்லும் செயலி, போனில் உள்ள அத்தனை தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. இவற்றில் எதைக் கொடுத்தாக வேண்டும், எதை மறுக்கலாம், கொடுத்ததை எப்போது திரும்பப் பெறலாம் என்பதற்கு இன்று இந்தியச் சட்டத்தில் விடை உண்டு. ஆனால் அந்த விடைகள் எல்லாம் ஒரே வலுவுடன் இல்லை. தகவல் கைமாறும் நேரத்தில் சட்டம் உங்கள் பக்கம் திடமாக நிற்கிறது. தகவல் கசிந்து நஷ்டம் வந்த பிறகோ, கசியவிட்டவருக்கு அபராதம் போடுவதில் காட்டும் அக்கறையை உங்கள் நஷ்டத்தை ஈடுகட்டுவதில் அது காட்டுவதில்லை. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் யாவும் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் கொண்டவை.

முதலில் அடித்தளம். அரசியல் சாசனத்தில் தனியுரிமை என்ற சொல்லே கிடையாது. 1954இல் எட்டு நீதிபதிகளும் 1962இல் ஆறு நீதிபதிகளும் அமர்ந்து அளித்த தீர்ப்புகள், அப்படி ஓர் அடிப்படை உரிமை இல்லை என்று பொருள்படும்படி இருந்தன. பிறகு சின்னச் சின்ன அமர்வுகள் அந்தச் சுவரில் துளை போட்டுக்கொண்டே வந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முனைந்தது. சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றது. அதே மூச்சில், பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும், அரசு அதிகாரிகள் தங்கள் பணி தொடர்பான செயல்களுக்குத் தனியுரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் சொன்னது. இந்த இரண்டாம் பாதி பின்னால் நமக்குத் தேவைப்படும். கடைசியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. தனியுரிமை என்பது வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்குச் சோறுதான் முக்கியம் என்ற வாதமும் அந்த வழக்கில் எழுந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான்: படிவங்களை நிரப்பி நிரப்பியே வாழ்க்கையை நடத்த வேண்டியவர் ஏழைதானே.

அடிப்படை உரிமை அரசுக்கு எதிராக நேரடியாக வேலை செய்யும். கடைக்காரருக்கு எதிராகச் செயல்பட அதற்கு ஒரு சட்டம் துணைக்கு வேண்டும். அந்த வேலையை அரைகுறையாகச் செய்து வந்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2008 திருத்தத்தில் நுழைந்த அதன் 43ஏ பிரிவும், 2011 ஏப்ரலில் வந்த விதிகளும் நிறுவனங்களுக்குச் சில கடமைகளை வைத்தன. புட்டசாமி தீர்ப்பு வந்த அதே காலத்தில் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு அமைக்கப்பட்டது. அது 2018இல் அறிக்கை தந்தது. அதை ஒட்டி 2019இல் வந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. வேறொரு மசோதா எழுதப்பட்டு, 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அப்போதும் எல்லாம் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது போன்ற பிரிவுகள் உடனே அமலாயின. நமக்கு உரிமை தரும் பிரிவுகளும் நிறுவனங்களுக்குக் கடமை வைக்கும் பிரிவுகளும் அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் உயிர் பெறுகின்றன. அதுவரை பழைய 43ஏ பிரிவும் 2011 விதிகளும்தான் கையிருப்பு. ஆகவே எந்தச் சட்டத்தைச் சுட்டி எழுதுகிறீர்கள் என்பதைக் கடிதம் எழுதும் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதிய சட்டத்தின் உயிர்நாடி அதன் 6ஆம் பிரிவு. ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமில்லாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதைவிட முக்கியமானது அதன் அடுத்த வரி: அப்படி ஒப்புதல் தந்தாலும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது செல்லும். சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி, உடல்நிலை விவரங்களோடு போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. அதைப் பயன்படுத்தும் பெண் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் தொடர்பு எண்களுக்கான ஒப்புதல் செல்லாது, ஏனென்றால் வைத்தியம் சொல்ல அவை தேவையில்லை. இதன் வீச்சைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். படிக்காமலே கட்டத்தில் டிக் அடித்தது நம் குற்றம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்தப் பிரிவோ, தேவைக்கு மேல் கேட்டது தகவல் கேட்டவரின் குற்றம் என்று பாரத்தை மறுபக்கம் ஏற்றுகிறது. ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி எழுந்தால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். கூடவே, என்ன தகவல், எதற்காக, புகார் எப்படிச் செய்வது என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்பையும் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. எனவே தமிழில் அறிவிப்பு கேட்பது சலுகை கேட்பதாகாது.

இதெல்லாம் 2027 மே வரை ஏட்டில்தானே என்று தோன்றலாம். முழுவதும் அப்படியில்லை. 2011 விதிகளில் 5ஆவது விதி, தகவல் வாங்கும் நிறுவனம் அது எதற்கு, யாருக்குப் போகும், யார் வைத்திருப்பார் என்பதை உரியவருக்குத் தெரியச் செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சொல்கிறது. தகவலைக் கொடுக்காமல் இருக்கும் வாய்ப்பையும், கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறும் வழியையும் தருகிறது. கடைகளைப் பொறுத்தவரை, 2023 மே மாதத்தில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட செல்போன் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சில்லறை வணிகத் துறைக்கு அறிவுறுத்தியது. எண் தராவிட்டால் விற்க மாட்டேன் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல் என்பது அதன் நிலைப்பாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியலாம்.

பில் போடும் பையனுக்கு இதெல்லாம் தெரியுமா, பின்னால் வரிசை நிற்கும்போது சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கணினியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பில் ஓடாது என்பது மட்டும்தான் அவருடைய சிக்கல். “நம்பர் தர விருப்பமில்லைங்க, இல்லாமலே போட்டுக் கொடுங்க” என்ற ஒரு வரி பெரும்பாலும் போதும், மறுத்தால் மேலாளரிடம் “எதற்குக் கேட்கிறீர்கள் என்று எழுதித் தர முடியுமா?” என்று கேளுங்கள். எழுதித் தர யாரும் முன்வரமாட்டார்கள் என்பதே இந்தக் கேள்வியின் பலம். கோபம் தேவையில்லை, கோபப்பட்டால் பேச்சு சட்டத்திலிருந்து மரியாதைக்கு மாறிவிடும், அங்கே நமக்குப் பிடி கிடையாது. தள்ளுபடி அட்டைக்காக எண் தருவது வேறு விஷயம். அது நீங்களே விரும்பிச் செய்யும் பண்டமாற்று. சட்டம் அதைத் தடுக்கவில்லை. விலையைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்பதுதான் அதன் எதிர்பார்ப்பு.

“என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?” என்பது இதற்கு எதிராக அடிக்கடி வரும் பேச்சு. இந்தப் பேச்சு தனியுரிமையை ரகசியம் என்று எடுத்துக்கொள்கிறது. சட்டம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரின் பிறந்த தேதி ரகசியமல்ல, செல்போன் எண் ரகசியமல்ல, எந்த வங்கியில் கணக்கு என்பதும் பெரிய ரகசியமல்ல. மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று வரும் அழைப்பு நம்பும்படியாகிறது. பணத்தை இழந்தவர்கள் எதையும் ஒளித்து வைத்திருந்தவர்கள் அல்லர். ஒரு நோக்கத்துக்காகத் தந்த தகவல் இன்னொரு நோக்கத்துக்குப் போனதுதான் கேடு. 1970இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதிலிருந்து, இந்தத் துறையின் சட்டங்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு புள்ளியைத்தான்: வாங்கிய காரணத்தோடு தகவலைக் கட்டிப் போடுவது. 1983இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில், தன் தகவல் எங்கே எப்படிப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருடையது என்று சொன்னதும் இதைத்தான்.

ஆதார் விஷயத்தில் குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஆதார் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் அதன் எல்லைகளையும் குறித்தது. அரசு மானியம், நலத்திட்ட உதவி, வருமான வரிக்கான பான் இணைப்பு ஆகியவற்றுக்கு ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்த முடியாது. பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆதாரை நேரில் காட்டியோ க்யூஆர் குறியீட்டை வைத்தோ சரிபார்க்கும் நிறுவனம் அந்த எண்ணைச் சேகரித்து வைக்கக் கூடாது. லாட்ஜ்காரர் உங்கள் அடையாளத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு; ஆதார்தான் வேண்டும் என்பதற்குக் காரணமில்லை, ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார்தான் தருவதென்றால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு. 2022 மே மாதத்தில் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் தராதீர்கள், மறைத்த பிரதியைத் தாருங்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டு, வழக்கமான எச்சரிக்கையுடன் இருந்தால் போதும் என்று சொல்லப்பட்டது. திரும்பப் பெற்ற அறிக்கையில் இருந்த அறிவுரைதான் நல்ல அறிவுரை என்பது இந்நூலின் கருத்து.

ஜெராக்ஸ் என்றவுடன் சட்டத்தின் ஒரு பெரிய ஓட்டையையும் சொல்ல வேண்டும். 2023 சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றிய தகவலுக்கும் மட்டுமே பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி நீட்டும் நோட்டில் நீங்கள் எழுதும் பெயரும் எண்ணும் நோட்டிலேயே இருக்கும்வரை அதன் எல்லைக்கு வெளியே. புரோக்கரின் கோப்பில் தூங்கும் ஆதார் நகலும் அப்படியே. பழைய காகிதக் கடைக்குப் போய் வடை மடிக்கும் விண்ணப்பப் படிவத்தைப் பற்றி வாரியம் ஒன்றும் செய்ய முடியாது. ஐரோப்பியச் சட்டம் முறையாக அடுக்கி வைக்கப்பட்ட காகிதக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது, நம்முடையது விட்டுவிட்டது. எனவே காகித நகலுக்கு உங்கள் பேனாதான் பாதுகாப்பு. “வாடகை ஒப்பந்தத்துக்காக மட்டும்” என்று நகலின் குறுக்கே, அச்சின் மேல் படும்படி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வேறு இடத்தில் அது வெளிப்பட்டால் எங்கிருந்து போனது என்பதற்கு அதுவே சாட்சி.

அரசிடம் நிலைமை வேறு. மானியம், உதவித்தொகை, சான்றிதழ், உரிமம் ஆகியவற்றுக்காக அரசு தகவலைப் பயன்படுத்த ஒப்புதல் தேவையில்லாத வழியைப் புதிய சட்டத்தின் 7ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிப்பவர் வருமான விவரத்தைத் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இதில் தவறில்லை என்றே சொல்வேன்: தகுதியைப் பார்க்காமல் உதவி தர முடியாது, ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்டால் அந்த ஒப்புதலும் வெறும் சடங்காகிவிடும். தேவைக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது, பாதுகாப்பாக வைப்பது போன்ற கடமைகளை விதிகள் அரசுக்கும் வைக்கின்றன. கவலை 17ஆம் பிரிவில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்து முழுதாக விலக்கி வைக்க ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டால் போதும். அந்த விலக்கு தேவையான அளவுக்கு உட்பட்டதுதானா என்று பார்க்கும் ஏற்பாடு இந்தச் சட்டத்துக்குள் கிடையாது. அப்படிப்பட்ட விலக்கை எதிர்க்க வேண்டுமானால் புட்டசாமி தீர்ப்பின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

கொடுத்துவிட்ட தகவலுக்கு வருவோம். ஒப்புதல் தந்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஒரே தட்டலில் சேர்த்துக்கொண்டவர்கள், விலக மட்டும் பதிவுத் தபால் கேட்க முடியாது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும், இறந்த பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறது. கேட்கும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் யார், எந்த நாளில் எதற்காகத் தகவல் தந்தீர்கள், இப்போது என்ன வேண்டும் என்ற மூன்றும் போதும். அதை நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு விடை தர நிறுவனத்துக்கு விதிகள் தரும் உச்ச வரம்பு 90 நாள். இந்தப் படியைத் தாண்டாமல் வாரியத்தை அணுக முடியாது. எனவே கடிதம் எழுதாதவருக்கு வாரியத்தின் கதவு திறக்காது. இரண்டு எச்சரிக்கைகள். ஒப்புதலைத் திரும்பப் பெற்றவுடன் எல்லாம் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். விதிகளே தகவலையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன, வரி போன்ற பிற சட்டங்கள் இன்னும் நீண்ட காலம் கேட்கும். மற்றொன்று, பொய்ப் பெயரிலோ வீம்புக்கோ புகார் செய்தால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உரிமைச் சட்டத்தில் உரிமைக்காரருக்கே அபராதம் வைத்தது விசித்திரந்தான்.

இப்போது கசிவு. பாதுகாப்பு உடைந்தால் நிறுவனம் வாரியத்துக்கும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். விரிவான விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கசிவை மறைத்தால் 200 கோடி வரை. தொகைகள் பெரியவை, செய்தித்தாளில் நன்றாக இருக்கும். ஆனால் 34ஆம் பிரிவைப் படியுங்கள்: வாரியம் விதிக்கும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. யாருடைய மருத்துவ அறிக்கை ஊர் சுற்றியதோ, யாருடைய கணக்கிலிருந்து பணம் போனதோ, அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடையாது. அதோடு 2027 மே மாதத்தில் 44ஆம் பிரிவின் மூலம் பழைய 43ஏ பிரிவே நீக்கப்படுகிறது. அந்தப் பழைய பிரிவு எவ்வளவு குறைபாடு உடையதாக இருந்தாலும், அலட்சியத்தால் தகவலைக் கசியவிட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து, ஐந்து கோடி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த ஏற்பாடு வெறும் பேச்சல்ல என்பதற்குத் தமிழ்நாடே சான்று. போலி மின்னஞ்சலை நம்பிப் பணத்தை இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரச் சொல்லி, 2010இல் நம் மாநிலத்தின் தீர்ப்பு அலுவலர் ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். அது அதே சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் வந்த உத்தரவு என்றாலும், பாதை ஒன்றுதான்.

இழப்பீட்டை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு ஒரு தரப்பு வாதம் உண்டு. ஒரு கசிவில் லட்சக்கணக்கானோர் பாதிக்கப்படும்போது ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டால் சிறு நிறுவனங்கள் மூழ்கிவிடும், ஒவ்வொருவரின் நஷ்டத்தையும் பணமாக அளப்பது நடக்காத காரியம், அபராதத்தின் பயமே எல்லோரையும் காக்கும் என்பார்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஐரோப்பியச் சட்டத்தின் 82ஆம் பிரிவு பணநஷ்டத்துக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் நேரடி நஷ்டம் அடைந்தவரை நீதிமன்றம் போக விடுகிறது. அங்கே வணிகம் நின்றுவிடவில்லை. நஷ்டத்தை அளப்பது கடினம் என்றால் விபத்து வழக்குகளில் நம் தீர்ப்பாயங்கள் தினமும் செய்வது என்ன? அபராதம் மட்டும் இருக்கும் சட்டத்தில் புகார் கொடுப்பவருக்கு லாபம் ஏதுமில்லை, அலைச்சல் மட்டுமே. புகார் வராத சட்டத்துக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

நேர் எதிர்த் திசையிலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தனியுரிமை என்ற பெயரில் ஊழல் மறைக்கப்படாதா? இந்தச் சட்டத்தின் 44(3) பிரிவைப் பார்த்தால் அந்த அச்சம் பொய்யல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது தனியுரிமையில் தேவையின்றித் தலையிடும் சொந்தத் தகவலை மட்டுமே மறுக்க இடம் தந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது. இரண்டும் நீக்கப்பட்டு, சொந்தத் தகவல் என்றால் மறுக்கலாம் என்ற ஒரே வரி 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. நமக்கான உரிமைகள் பதினெட்டு மாதம் காத்திருக்க, இது மட்டும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். பயனாளிகள் பட்டியலும் ஒப்பந்ததாரர் பெயரும் பெயர்கள்தானே, சொந்தத் தகவல்தானே என்று அலுவலர் சொல்ல இப்போது வழி உண்டு. இது தனியுரிமையின் தவறில்லை. 1994 தீர்ப்பு போட்ட கோட்டைச் சட்டம் அழித்ததன் விளைவு. மனு எழுதுபவர்களுக்கு இன்னும் ஒரு பிடி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு தொடப்படவில்லை: வெளியிடுவதால் வரும் பொதுநன்மை, மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பெரியதென்றால் தகவலைத் தரலாம். எனவே மனுவிலேயே அந்தப் பொதுநன்மை என்ன என்பதை இரண்டு வரியில் எழுதி, 8(2)ஐக் குறிப்பிட்டுவிடுங்கள்.

கசிவால் நஷ்டமடைந்தவர் என்ன செய்வது? வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் மூன்றாம் தரப்பிடம் இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டத்தில் பங்கில்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. இழப்பீடு வேண்டுமென்றால் அதிகம் பேசப்படாத ஒரு கதவு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்குத் தெரிவிப்பதை அதன் 2(47) பிரிவு முறையற்ற வணிகச் செயல்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவமனை உங்கள் எண்ணைக் காப்பீட்டு முகவருக்குக் கொடுத்தது, கட்டுமான நிறுவனம் உங்கள் விவரத்தைக் கடன் நிறுவனத்துக்கு விற்றது போன்றவை இதற்குள் வரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. புதிய சட்டத்தின் 39ஆம் பிரிவு வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் உரிமையியல் நீதிமன்றங்களைத் தடுக்கிறது. நுகர்வோர் ஆணையத்தை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை, 38ஆம் பிரிவோ இந்தச் சட்டம் மற்ற சட்டங்களோடு சேர்ந்து இயங்கும் என்கிறது. ஆணையத்துக்கும் அந்தத் தடை பொருந்தும் என்ற ஆட்சேபத்தை எதிர்த்தரப்பு எழுப்பும் என்று எதிர்பார்த்து, புகாரை அபராதம் கேட்பதாக எழுதாமல், சேவைக் குறைபாட்டுக்கும் முறையற்ற வணிகத்துக்கும் இழப்பீடு கேட்பதாகவே எழுதுங்கள். தகவல் தந்த படிவம், ரசீது, வேண்டாத அழைப்பு வந்த தேதிகள், அழைத்தவர் உங்கள் விவரம் எங்கே கிடைத்தது என்று சொன்னதன் பதிவு ஆகியவற்றை இணைத்துவிடுங்கள். 43ஏ பிரிவு நீங்கும் நாளுக்கு முன் நடந்த கசிவு என்றால், அந்தப் பழைய உரிமை பொது விளக்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவால் காக்கப்படுகிறது என்று வாதிட இடமிருக்கிறது; ஆனாலும் தீர்ப்பு அலுவலரிடம் மனு செய்ய 2027 மே வரை காத்திருக்க வேண்டாம்.